மீண்டு வரும் குருதிப் புற்றும் உடன்பிறந்தார் என்பு மச்சையும்

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் நடுவோர் எல்லாரும் கோரையை அறிவர். மண்வெட்டியாற் கொத்திக் கையாற் களைந்து, தோட்டம் தூய்மையாயிற்று என்று எண்ணிச் சில நாள் செல்வதற்குள் அது மீண்டும் தலைகாட்டும். களையப்பட்டது மேலே கண்ட புல்லேயன்றி, மண்ணின் உள்ளே கிடந்த கிழங்கன்று. தீவிர குருதிப் புற்று என்னும் நோய் ஒருமுறை தணிந்து, பின் திரும்பி வருவதும் ஏறக்குறைய இத்தகையதே. முதன்முறை மருத்துவம் பெற்று வீடு திரும்பி, தலைமயிர் வளர்ந்து, பள்ளிக்கூடத்துக்கோ தொழிலுக்கோ செல்லத் தொடங்கிய ஒருவரின் குருதிச் சோதனையில் நோய் மறுபடியும் காணப்படும்போது, குடும்பத்தார் கேட்கும் முதற் கேள்வி, “நாங்கள் எங்கே தவறினோம்?” என்பதாகும். பெரும்பாலும் அவர்கள் எங்கும் தவறவில்லை. கிழங்கு உள்ளே இருந்தது.

குருதி எங்கே பிறக்கின்றது என்பதிலிருந்து தொடங்குதல் நன்று. பெரிய என்புகளின் உள்ளே, சிறப்பாக இடுப்பென்பு, மார்பென்பு, முள்ளந்தண்டு என்புகள் ஆகியவற்றின் உள்ளே, மென்மையான செந்நிறப் பொருளொன்று உண்டு. அதுவே என்பு மச்சை. தமிழ்நாட்டார் எலும்பு மஜ்ஜை என்பர். வளர்ந்த ஒருவரின் மச்சையில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 கோடி செங்குழியங்கள் பிறக்கின்றன. நோய்க் கிருமிகளோடு போராடும் வெண்குழியங்களும், காயத்தில் குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகளும் அங்கேயே தோன்றுகின்றன. இவை அனைத்துக்கும் தாயாக விளங்குபவை மூலக்கலங்கள். ஆங்கிலத்தில் ஸ்ரெம் செல் என வழங்குவன இவையே. தொகையிற் குறைந்த இக்கலங்களிலிருந்தே எல்லாக் குழியங்களும் கிளைத்து வருகின்றன என்பதை எலிகளில் ஆராய்ந்து 1961ஆம் ஆண்டில் காட்டியவர்கள், கனடாவின் ரொறன்ரோ நகரில் பணியாற்றிய ரில், மக்கலக் என்னும் இருவர். அந்த நகரின் பெயர் பின்னர் வேறொரு காரணம் பற்றி மீண்டும் இக்கட்டுரையில் வரும்.

மச்சையிற் பிறக்கும் இளங்கலமொன்று முதிர்ச்சியடையும் ஆற்றலை இழந்து, பெருகும் ஆற்றலை மாத்திரம் வைத்துக்கொள்வதே தீவிர குருதிப் புற்று. வேலை செய்யாத வெண்கலங்கள் மச்சையை நிரப்பிவிடுகின்றன. செங்குழியங்களுக்கு இடமில்லை, ஆகவே உடல் வெளுக்கின்றது. சிறுதட்டுகளுக்கு இடமில்லை, ஆகவே முரசிலிருந்து குருதி கசிகின்றது, தோலில் நீலத் தழும்புகள் தோன்றுகின்றன. நல்ல வெண்குழியங்களும் குறைவதால் காய்ச்சல் விடாது காய்கின்றது. நோய் கண்டறியப்படும் வேளையில் உடலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி புற்றுக் கலங்கள் இருத்தல் கூடும். கடும் மருந்துகளைச் சில வாரம் ஏற்றியபின் மச்சையை நுணுக்குக்காட்டியில் நோக்கினால் அவை அநேகமாகக் காணப்படா. இதனை மருத்துவர் தணிவு என்பர். தணிவு என்ற சொல்லைக் குணம் என்ற சொல்லாகப் பலர் கேட்டுவிடுகின்றனர். நுணுக்குக்காட்டியின் கண்ணுக்குத் தப்பிய புற்றுக் கலங்கள் அப்போதும் பல நூறு கோடி எஞ்சியிருத்தல் கூடும். அதனாலேயே தணிவுக்குப் பின்னும் மாதக் கணக்கில், சில வகைகளில் ஆண்டுக் கணக்கில், மருந்து தொடர்கின்றது.

குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் நிணநீர்க் குழிய வகையில், வசதி மிக்க நாடுகளில் பத்துப் பேரில் எட்டு அல்லது ஒன்பது பேர் மருந்தினால் மாத்திரமே குணமடைகின்றனர். இது கடந்த அறுபது ஆண்டுகளின் பெருஞ் சாதனைகளுள் ஒன்று. எஞ்சிய ஒருவர் அல்லது இருவர் பற்றியதே இங்கு பேச்சு. வளர்ந்தோர்க்கு மிகுதியாக வரும் மச்சைக் கல வகையிலோ நோய் திரும்புவோர் தொகை இன்னும் பெரிது.

திரும்பிய நோய் எல்லாம் ஒரு தன்மையதன்று. நிணநீர்க் குழிய வகை கண்ட குழந்தைக்கு, நோய் முதன்முதல் அறியப்பட்ட நாளிலிருந்து மூன்றாண்டுகள் கழிந்தபின் அது திரும்பி, மருந்துக்கு விரைவாக இணங்குமாயின், மீண்டும் மருந்தினாலேயே குணமாகும் வாய்ப்பு நன்றாக உண்டு. மருந்து பெற்றுக்கொண்டிருக்கும்போதே மச்சையில் நோய் எழுமாயின் அது மருந்தை எதிர்க்கக் கற்ற நோய். மச்சைக் கல வகை திரும்பியபின் மருந்து மாத்திரம் கொண்டு நிலையாகக் குணமடைவோர் மிகச் சிலர். மருத்துவர் என்பு மச்சை மாற்றீட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவது இந்தக் கட்டத்திலேதான்.

மாற்றீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் சத்திர சிகிச்சை மேசையும் கத்தியும் நினைவுக்கு வருகின்றன. சிறுநீரக மாற்றீட்டைப் போன்றதே இதுவும் என்று கருதுவோர் பலர். அவ்வாறன்று. நோயாளியின் மச்சை மருந்தினாலும் கதிரினாலும் முற்றாக அழிக்கப்படுகின்றது. பின்னர் மற்றொருவரின் மூலக்கலங்கள், குருதி ஏற்றுவது போல, நாளத்தின் வழியே ஏற்றப்படுகின்றன. அவை வழி கேட்காமலே என்புகளின் உள்ளே சென்று குடிகொள்கின்றன.

இச்சிகிச்சையின் தந்தை என மதிக்கப்படும் அமெரிக்கரான டொனல் தோமஸ், 1957ஆம் ஆண்டிலே மனிதருக்கு மச்சையை நாளத்தின் வழி ஏற்றியதைப் பற்றி முதன்முதல் எழுதினார். 1959இல் அவரும் அவர் தோழரும் வெளியிட்ட அறிக்கையொன்று கூர்ந்து நோக்கத்தக்கது. குருதிப் புற்றுக் கண்ட குழந்தைகள் இருவருக்கு உடல் முழுதும் கதிர் வீசி, பின் அவர்களோடு ஒரே கருவிற் பிறந்த ஒத்த இரட்டையரின் மச்சையை ஏற்றினர். மச்சை பழுதின்றி வேர்கொண்டது. ஆனால் விரைவிலேயே நோய் திரும்பிவிட்டது. கதிர் வீச்சு எவ்வளவு கடுமையாயினும் தானாக நோயை வேரறுக்காது என்பது அப்போது தெரிந்தது. அதிலே மறைந்திருந்த இரண்டாவது உண்மை விளங்க இன்னும் முப்பது ஆண்டுகள் சென்றன.

1960களில் இம்முயற்சியிற் சோர்வடைந்து பலர் விலகினர். பிறர் மச்சையை ஏற்றிய நோயாளர் அநேகர் இறந்தனர். தோமஸ் நாய்களிடத்தே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். யார் மச்சை யாருக்குப் பொருந்தும் என்பதை முன்னரே அறிய வழியில்லாமையே தோல்விக்குத் தலையான காரணம். பாரிஸ் நகரத்து ஜீன் டோசே 1958இல் கண்ட வெண்குழிய அடையாளங்கள் அதற்கு வழி திறந்தன. 1977ஆம் ஆண்டிலே சியாற்றில் நகரத்துத் தோமஸ் குழுவினர் 100 நோயாளரின் கணக்கை வெளியிட்டனர். எல்லாரும் வேறு மருத்துவம் இல்லையெனக் கைவிடப்பட்டவர்கள். அவர்களுள் 13 பேர் நோயின்றி வாழ்ந்துகொண்டிருந்தனர். நூற்றுக்குப் பதின்மூன்று என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். அதற்கு முன் அத்தொகை பூச்சியம். இத்தகைய மருத்துவத்தை நோய் முற்றிய பின்னன்றித் தணிந்திருக்கும் வேளையிற் செய்தால் என்ன என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது. அவ்வாறு செய்தபோது பயன் பன்மடங்காயிற்று. தோமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தியாவிலே இச்சிகிச்சை தொடங்கியது 1983இல், பம்பாய் ராட்டா நினைவு மருத்துவமனையில். இளம்பிள்ளை வாதத்தாற் கால்களின் வலு இழந்து, சக்கர நாற்காலியில் இருந்தே பணியாற்றிய டாக்டர் சுரேஷ் அத்வானி, மச்சைக் கலக் குருதிப் புற்றுக் கண்ட ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவள் உடன்பிறந்தானின் மச்சையை ஏற்றினார். சிறுமி பிழைத்தாள். தமிழ்நாட்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986இல் இப்பணியைத் தொடங்கியது.

மறைந்திருந்த அந்த இரண்டாவது உண்மை 1990இல் வெளிவந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் கணக்குகளை ஒருங்கே ஆராய்ந்தபோது, ஒத்த இரட்டையரிடமிருந்து மச்சை பெற்றோருக்கே நோய் மிகுதியாகத் திரும்பியமை காணப்பட்டது. உடன்பிறந்தாரிடம் பெற்றோருக்கு அது குறைவு. வந்த மச்சை நோயாளியின் உடலோடு சிறிது பிணங்கியவர்களுக்கு இன்னும் குறைவு. காரணம் எளியது. மச்சையோடு வருவது குருதி உற்பத்தி மாத்திரமன்று; வழங்கியின் நிர்ப்பீடனப் படை முழுவதுமே உடன் வருகின்றது. ஒத்த இரட்டையரின் படைக்கு நோயாளியின் புற்றுக் கலமும் தன் சொந்தக் கலம் போலவே தோன்றும், அதனைத் தாக்காது. உடன்பிறந்தாரின் படையோ மிக நெருங்கிய உறவாயினும் வேறொருவருடையது. மருந்துக்கும் கதிருக்கும் தப்பி மறைந்து கிடக்கும் புற்றுக் கலங்களை அது அயலாகக் கண்டு அழிக்கின்றது. செழித்து அடர்ந்த பயிரின் நிழலிலே கோரை மெலிந்து போவதைத் தோட்டக்காரர் கண்டிருப்பர். அதனையொத்தது இது. மருந்து நோயைக் குறைக்கின்றது. குணப்படுத்துவது பெரும்பாலும் அந்த அயற்படையே.

ஆகவே மீண்டு வந்த குருதிப் புற்றுக்கு மருந்து, வேறொரு மனிதரின் உடலில் இருக்கின்றது. அவர் யார், எங்கே இருக்கிறார் என்பது குடாநாட்டுக் குடும்பத்துக்கு உடனடியான கேள்வியாகின்றது.

பொருத்தத்தைத் தீர்மானிப்பவை ஆறாவது நிறமூர்த்தத்தில் உள்ள எச். எல். ஏ. என்னும் பரம்பரை அலகுகள். தந்தையிடமிருந்து ஒரு தொகுதி, தாயிடமிருந்து ஒரு தொகுதி என ஒவ்வொருவரும் இரண்டு பெறுகின்றனர். ஆகையால் பெற்றோர் பிள்ளைக்குப் பாதிப் பொருத்தமே. உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே உடன்பிறப்பு உள்ளவருக்கு அந்த வாய்ப்பு நூற்றுக்கு 25. இருவர் இருப்பின் 44. மூவர் இருப்பின் 58. ஐவர் இருப்பின் 76. ஆறு ஏழு பிள்ளைகள் ஒரு முற்றத்தில் வளர்ந்த பழைய யாழ்ப்பாணத்து வீட்டிலே பொருத்தமான ஒருவர் கிடைப்பது பெரும்பாலும் உறுதி. ஆனால் அக்காலத்தில் இம்மருத்துவம் இல்லை. மருத்துவம் வந்தபோது வீட்டிலே பிள்ளைகள் இல்லை. இந்தியாவில் முதல் மச்சை மாற்றீடு நிகழ்ந்த அதே 1983ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் இனக் கலவரம் மூண்டு, தமிழர் பெருந்தொகையாக நாட்டை விட்டு வெளியேறத் தொடங்கினர். இன்று அண்ணன் ரொறன்ரோவிலும், அக்கா பாரிசிலும், தம்பி இலண்டனிலும் இருக்க, நோய் கண்டவர் ஊரில் இருப்பது புதுமையன்று. அடுத்த தலைமுறையிலோ இரண்டு பிள்ளைகளுக்கு மேற்பட்ட வீடுகள் அருகி வருகின்றன.

தூரம் பெரிய தடையன்று என்பதைக் குடும்பத்தார் அறிதல் வேண்டும். பொருத்தம் பார்ப்பதற்குச் சிறிதளவு குருதியோ, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்த மாதிரியோ போதும். அதனை இருக்கும் நாட்டிலேயே கொடுக்கலாம். அறிக்கை மாத்திரம் வந்தாற் போதுமானது. மூலக்கலங்களையும் அங்கேயே எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் வேறொரு நாட்டு நோயாளிக்கு ஏற்றும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. திரவ நைதரசனில் உறையவைத்து மாதக் கணக்கிற் பேணவும் இயலும்.

நெருங்கிய உறவினுள்ளே மணம் செய்யும் வழக்கம் இதில் எதிர்பாராத ஓர் உதவி செய்தல் கூடும். மச்சானும் மச்சாளும் மணம் செய்த குடும்பத்தில் ஒரே எச். எல். ஏ. தொகுதி இரு வழியாகவும் வந்து சேரலாம். அத்தகைய வீட்டிலே உடன்பிறந்தார் பொருந்தாவிடினும், பெற்றோரோ, மாமன் அத்தை மக்களோ பொருந்துவது உண்டு. உறவு மணத்தினால் வரும் பரம்பரை நோய்களைப் பற்றி மருத்துவர் எச்சரிப்பது முறையே. ஆயினும் மச்சைக்கு ஆள் தேடும் நாளில் அந்த வமிசக் கிளைகளை முழுதும் எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

உறவினுள் எவரும் பொருந்தாதபோது உறவல்லாதாரைத் தேடுவர். அதற்கென முதற் பதிவேடு 1974இல் இலண்டனிலே, தன் மகன் அந்தனியின் பொருட்டு ஷெர்லி நோலன் என்னும் தாயால் ஏற்படுத்தப்பட்டது. மகனுக்கு ஆள் கிடைக்கவில்லை. 1979இல் சிறுவன் இறந்தான். பதிவேடு நிலைத்தது. இன்று உலகப் பதிவேடுகளிற் பெயர் கொடுத்தோர் நான்கு கோடிக்கு மேல். அவர்களிற் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். எச். எல். ஏ. தொகுதிகள் வமிசவழி வேறுபடுவதால், யாழ்ப்பாணத்தவருக்குப் பொருந்துபவர் பெரும்பாலும் தமிழரிடையேயோ தென்னாசியரிடையேயோ கிடைப்பார். 2009இல் சென்னையில் தொடங்கிய தாத்திரி என்னும் பதிவேடு அந்தக் குறையை ஓரளவு நிரப்புகின்றது. புலம்பெயர்ந்த நாடுகளிலே பிறந்த தமிழ் இளைஞர் அவ்வந்நாட்டுப் பதிவேட்டிற் பெயர் கொடுத்தால், உலகப் பதிவேடுகள் ஒன்றோடொன்று இணைந்திருத்தலால், அப்பெயர் யாழ்ப்பாணத்து நோயாளிக்கும் எட்டும். ரொறன்ரோவில் உள்ள ஒருவர் முகமறியாத சுன்னாகத்தவர் ஒருவருக்கு மச்சை வழங்குதல் இன்று இயலாத காரியமன்று.

இதுவும் வாய்க்காதபோது பாதிப் பொருத்தமுள்ளோரிடமே பெறும் முறை வந்துள்ளது. மச்சை ஏற்றிய மூன்றாம் நான்காம் நாள்களில் சைக்குளோபொசுபமைட்டு என்னும் பழைய மருந்தைக் கொடுத்து, மிகுதியாகப் பிணங்கும் கலங்களை மாத்திரம் அழிக்கும் இம்முறையை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவர் வகுத்தனர். தாய், தந்தை, பெற்ற பிள்ளை ஆகியோர் எல்லாரும் இதனால் வழங்கிகள் ஆகலாம். சிறு குடும்பங்களுக்கு இது பெரும் பேறு.

வழங்கியாக முன்வருவோரை நிறுத்துவது பெரும்பாலும் ஓர் அச்சம். முதுகெலும்பில் ஊசி குத்தி மச்சை எடுப்பார்கள், பின் கால் வழங்காமற் போகும் என்று ஊரிலே கூறுவர். என்பு மச்சை வேறு, முள்ளந்தண்டின் உள்ளே செல்லும் நரம்பு வடமாகிய முண்ணாண் வேறு. இங்கே முண்ணாணைத் தொடுவதேயில்லை. மயக்க மருந்து கொடுத்து இடுப்பென்பின் பின்புறத்திலிருந்து மச்சையை உறிஞ்சி எடுத்தல் ஒரு முறை. சில நாள் இடுப்பு நோகும். இன்று மிகுதியாக வழங்குவது மற்றொரு முறை. நான்கைந்து நாள் தோலின் கீழ் ஊசி மருந்து ஏற்ற, மூலக்கலங்கள் மச்சையை விட்டுக் குருதியில் இறங்குகின்றன. ஒரு கையிலிருந்து குருதி இயந்திரத்துக்குச் சென்று, மூலக்கலம் பிரிக்கப்பட்டு, மறு கை வழியே திரும்புகின்றது. சில மணி நேரம் படுத்திருத்தல் வேண்டும். அந்நாள்களில் என்பு நோவும் தலையிடியும் உண்டு. கொடுத்த மச்சை சில வாரங்களில் மீண்டும் நிறைந்துவிடும்.

வடபகுதியில் நெடுங்காலம் புற்றுநோயாளர் மேலான மருத்துவத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தெற்கே மகரகமவுக்கே சென்றனர். போர்க்காலத்தில் கண்டி வீதி அடைபட்டிருந்த ஆண்டுகளில் அப்பயணமும் அரிதாயிற்று. 2011ஆம் ஆண்டு யூலையில், இலங்கையின் தென்முனையாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாளில் நடந்து சேர்த்த நிதியைக் கொண்டு தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிங்களும் சேர்ந்து நடந்த அந்நடையின் பயனாக மருந்தேற்றலும் கதிர்ச் சிகிச்சையும் குடாநாட்டவருக்கு அண்மையில் வந்தன. மச்சை மாற்றீட்டுக்கோ தனித்த காற்று வடிகட்டும் அறைகளும், பயின்ற தாதியரும், இரவு பகலாக இயங்கும் குருதி வங்கியும் ஆய்வுகூடமும் ஒருங்கே வேண்டும். தென்னிலங்கையில் இது தொடங்கியுள்ளது. ஆயினும் வசதி உள்ளோர் பலர் இந்தியாவையே நாடுகின்றனர்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலூருக்குச் செல்லும் வழி புதியதன்று. 1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கிய அமெரிக்க மிசனறியான டாக்டர் ஜோன் ஸ்கடர் பின்னர் சென்னைக்குச் சென்றார். வேலூர் மருத்துவமனையை 1900இல் நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேர்த்தி. 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியபின், கொழும்பைச் சுற்றிச் செல்லும் சிரமமும் ஓரளவு குறைந்தது.

செலவு இந்திய ரூபாவிற் பல இலட்சம். காணியை ஈடு வைப்போரும், வெளிநாட்டு உறவினரிடம் கேட்போரும் உண்டு. மருத்துவமனைக்குக் கட்டும் பணத்தை மாத்திரம் கணக்கிட்டுப் புறப்படுவோர் இடையில் இடர்ப்படுகின்றனர். மருத்துவமனைக்கு அண்மையிலேயே குறைந்தது மூன்று மாதம், பலருக்கு ஆறு மாதம் தங்கவேண்டியிருக்கும். வீட்டு வாடகை, துணைக்கு ஒருவர், பின்வரும் தொற்றுகளுக்கான மருந்து ஆகியவை அதற்குள் அடங்கா.

பணத்திலும் அரியது காலம். நோய் திரும்பியவுடன் மீண்டும் கடும் மருந்து கொடுத்து இரண்டாவது தணிவை உண்டாக்குவர். அந்தத் தணிவிலேயே மாற்றீட்டைச் செய்தல் வேண்டும். நோய் பொங்கிக் கொண்டிருக்கையில் மச்சையை ஏற்றினால் அயற்படை வேரூன்றி எழுவதற்கு முன் நோய் முந்திக்கொள்ளும். இரண்டாவது தணிவு முதலாவதைவிடக் குறுகியது. சில வேளை ஓரிரு மாதமே நிற்கும். குடும்பம் ஏமாறுவது இவ்விடத்திலேதான். நோயாளி எழுந்து நடக்கின்றார், உணவு உண்கின்றார், குருதிக் கணக்கு நன்றாயிருக்கின்றது. இனிப் பயமில்லை என்று நேர்த்திக்கடன் தீர்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சிறு வாயில் அடைபட்டுவிடுகின்றது. ஆகவே நோய் திரும்பியது என்று அறிந்த கிழமையிலேயே உடன்பிறந்தார் அனைவரும், எந்நாட்டில் இருப்பினும், பொருத்தம் பார்த்தல் வேண்டும். தணிவு வந்தபின் பார்க்கலாம் என்று இருத்தல் தகாது.

மாற்றீட்டின்போது நோயாளி தனி அறையில் இருப்பார். ஒரு கிழமைக் கடும் மருந்து அல்லது கதிர். பின் மச்சை ஏற்றும் நாள். அந்நாளைப் பூச்சிய நாள் என்பர். காண்பவருக்கு அதில் வியப்பொன்றுமில்லை. சிவந்த திரவப் பை ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கி முடிகின்றது. அதன்பின் இரண்டு முதல் நான்கு கிழமை வரை உடலில் வெண்குழியமே இல்லை. வாய் புண்ணாகின்றது, உணவு இறங்காது, காய்ச்சல் எழுகின்றது. சிறுதட்டும் செங்குழியமும் அடிக்கடி ஏற்றவேண்டும். ஒரு காலையிலே குருதிக் கணக்கில் சில நூறு வெண்குழியம் தெரியும்போது மச்சை வேர்கொண்டது என அறிவர். வழங்கியின் குருதி இனம் வேறாயின், நோயாளியின் குருதி இனமே சில மாதத்தில் மாறிவிடும். ஓ இனத்தவராகச் சென்றவர் ஏ இனத்தவராகத் திரும்புதல் உண்டு.

நோயை அழிக்கும் அயற்படை நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குதலும் உண்டு. நன்மையும் தீமையும் ஒரே படையின் இரு கைகள். அதனை மருந்தால் முற்றாக அடக்கினால் புற்று மீளும். அடக்காவிடின் உடல் கெடும். இந்தச் சமநிலையைப் பேணுவதே மருத்துவரின் திறமை. சிலருக்கு இத்தாக்குதல் ஆண்டுக் கணக்கில் நீடித்துக் கண்ணும் வாயும் வறண்டு, மூட்டுகள் இறுகும். பிள்ளைப்பேற்றின் வாய்ப்பு பலருக்கு அற்றுப்போகின்றது. மணமாகாத இளையோருக்கு இதனை முன்னரே எடுத்துரைத்தல் வேண்டும்.

இரண்டாவது தணிவில் மாற்றீடு பெற்றோருள், நோயின் வகையும் வயதும் பொருத்தமும் கொண்டு, மூன்றிலொருவர் முதல் இருவரில் ஒருவர் வரை நெடுநாள் வாழ்கின்றனர். குழந்தைகளிடையே இது இன்னும் மேம்படுவதுண்டு. மற்றவர்களை நோய் மீண்டோ, தொற்றோ, அயற்படையின் தாக்குதலோ கொண்டுசெல்கின்றது. நோயாளியின் சொந்த வெண்குழியங்களையே எடுத்துப் புற்றைக் கண்டறியப் பழக்கி மீண்டும் ஏற்றும் புதுமுறை அமெரிக்காவில் 2017இலும், பம்பாய்த் தொழினுட்பக் கழகமும் ராட்டா நினைவு மருத்துவமனையும் கூடி உருவாக்கிய வடிவில் இந்தியாவில் 2023இலும் அனுமதி பெற்றது. நிணநீர்க் குழிய வகையிற் சிலருக்கு அது பயன் தருகின்றது. பலருக்கு அது மாற்றீட்டுக்கு முன்னைய படியாகவே அமைகின்றது. இரண்டாவது தணிவே கிட்டாத முதியவர் ஒருவருக்கு இவையெல்லாவற்றையும் விடுத்து, நோவு தணித்து வீட்டிலே வைத்துப் பேணுதலைத் தெரிந்தெடுப்பதும் மருத்துவமே. அவ்வாறு முடிவு செய்த பிள்ளைகளை ஊரார் குறைகூறுதல் முறையன்று.

பிழைத்து ஊர் திரும்பியவருக்கு ஒழுங்குகள் பல உண்டு. கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே பருகல் வேண்டும். தோட்டத்து மண்ணைக் கிளறுதல், பழைய வீட்டை இடித்த தூசியில் நிற்றல், சனக் கூட்டமுள்ள திருவிழாவிற் சேருதல் ஆகியவற்றை ஓராண்டளவு தவிர்த்தல் நன்று. காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். பழைய நிர்ப்பீடனம் முழுவதும் மச்சையோடு அழிந்து போனமையால், குழந்தைப் பருவத்திற் போட்ட தடுப்பூசிகள் இனிப் பயன்படா. ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்தபின், ஏற்பு வலி முதல் எல்லாவற்றுக்கும் முதலிலிருந்து மறுபடியும் ஊசி போடுவர். சின்னமுத்துத் தடுப்பூசிக்கு இரண்டாண்டு பொறுக்கவேண்டும்.